திரும்பி வரும் நேரம்

ஒன்பதாம் தரப் பிள்ளைகள் 32 பேரை மூன்று நாள் வெளியில் கூட்டிப் போவதற்காகப் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தலைப்பு, "மூன்று நாள் சுற்றாடல் முகாம்". பெற்றோர் கூட்டத்தில் அதை வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த அம்மம்மா ஒருவர் எழும்பினார். பேத்திக்காக வந்தவர். தாய் வெளிநாட்டில்.

"முகாமோ? இனியும் என்னத்துக்குப் பிள்ளை முகாம்?"

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு முகம் சுட்டது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் அந்தச் சொல்லை எப்படி எழுதினேன்? எங்கள் ஒன்பதாம் தரப் பிள்ளைகளில் ஒருவரும் போர் முடிந்த 2009ஐப் பார்த்தவர்கள் இல்லை. அவர்களுக்கு முகாம் என்றால் சாரணர் முகாம், இரத்ததான முகாம். தாய் தகப்பன்மாருக்கு அப்படியில்லை. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள், தறப்பாளுக்குக் கீழே, தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். அதற்குப் பிறகும் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வந்து சேரவில்லை.

அன்றைக்கே கடிதத்தை மாற்றினேன். "வெளிக்களப் பயணம்" என்று போட்டேன். முதல் வரியில், மற்ற எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில், இப்படி: வெள்ளி காலை 6.30க்குப் பாடசாலை வாசலில் இருந்து புறப்படுகிறோம். ஞாயிறு மாலை 5.00க்கு அதே வாசலுக்குத் திரும்பி வருகிறோம். இடம், செலவு, சாமான் பட்டியல் எல்லாம் அதற்குக் கீழேதான். இதைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது வன்னியில் இப்படியொரு பயணத்துக்கு ஆயத்தம் செய்வதாக இருந்தால், வேறு எதை விட்டாலும் இந்த வரியை விடவேண்டாம். வீட்டைவிட்டுப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று தெரியாமல் இருந்த சனம் நாங்கள்.

முன்பு வேறொரு பாடசாலையில் இருந்தபோது நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் இப்படியொரு பயணம் போய்ச் சரியாகப் பட்டிருக்கிறோம். அப்போது ஆயத்தம் என்றால் எங்களுக்கு ஒரு பட்டியல்தான். துவாய், பற்பசை, ரோச் லைட், இரண்டு சோடி உடுப்பு. பட்டியலைக் கொடுத்தோம், பஸ் பிடித்தோம், போனோம். முதல் இரவு இரண்டு மணிக்கு ஏழு பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு பொடியன் பையைக் கொழுவிக்கொண்டு கேற்றடியில் நின்றான். ஊருக்கு நடந்தே போகப்போகிறானாம். அந்த இருட்டில் கேற் பூட்டியிருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறும். அவன் குழப்படிக்காரன் இல்லை. தாயை விட்டு ஒரு இரவுகூடத் தனியாகப் படுத்திராத பிள்ளை. அதைக் கேட்டு அறிந்துகொள்ளாதது எங்கள் பிழை.

அதனால் இந்தமுறை ஆறு கிழமைக்கு முன்பே தொடங்கினோம்.

எங்கே போவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பிள்ளைகள் தண்ணீரைத் தொடர்ந்து போகவேண்டும். முத்தையன்கட்டுக் குளத்துக்குத் தண்ணீர் தருவது பேராறு. அது போய்ச் சேர்வது நந்திக்கடல் களப்பு. நந்திக்கடல் வட்டுவாகலில் கடலைத் தொடுகிறது. குளக்கட்டில் தொடங்கி, துருசு, வாய்க்கால், சிறுபோக வயல், காட்டோரம், களப்பு, கடல் என்று மூன்று நாளில் ஒரே தண்ணீரைப் பார்த்து முடிக்கலாம். வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில், கற்சிலைமடுவில் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனின் நினைவுக் கல், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன். அவன் ஆங்கிலேயரிடம் தோற்ற 1803ஆம் ஆண்டைப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளை அந்தக் கல்லைக் கையால் தொட்டுப் பார்ப்பது வேறு. படுக்கை, குளத்துக்குக் கிட்ட உள்ள ஒரு பாடசாலை மண்டபத்தில். கூடாரம் இல்லை. தறப்பாள் எதுவும் வேண்டாம் என்று நானும் சாரணர் பொறுப்பாசிரியரும் ஒரே மனதாக முடிவெடுத்தோம்.

ஆயத்தத்தில் முதல் பெரிய வேலை, ஒத்திகை இரவு. பயணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் பாடசாலையிலேயே பின்னேரம் நாலு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழு மணிவரை. வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அழுதால் தகப்பன் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போகலாம் என்ற நிலையில் ஒரு இரவு வெளியே படுத்துப் பழகுவது. நாலு பேர் அழுதார்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். அந்த இருவரில் ஒருத்தி விடியற்காலை ஐந்தரைக்கே திரும்பி வந்து மற்றவர்களோடு பாணும் சம்பலும் சாப்பிட்டாள். பயணத்தில் முப்பத்திரண்டு பேரும் வந்தார்கள். ஒருவரும் அழவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அழுத பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது.

அந்த ஒத்திகைக்கு முதல் நாள் ஒரு தகப்பன் என்னைத் தேடி வந்து, தன் மகன் இன்னும் சிலநேரம் படுக்கையில் சலம் போவான், அதனால் அனுப்பமாட்டேன் என்றார். சொல்லும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்திகை இரவிலும் பயணத்தின் இரண்டு இரவுகளிலும் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் எல்லாப் பொடியன்களையும் சாரணர் பொறுப்பாசிரியரான சேர் எழுப்பி வெளியே கூட்டிப்போனார். பாம்புப் பயத்தால் தனியாகப் போகக்கூடாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அது உண்மையான காரணமும்தான். ஒரு பாயும் நனையவில்லை.

இரண்டாவது வேலை, பை. இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு நிபுணர் இருக்கிறார். ஒரு மாணவனின் அம்மப்பா. கதிர்காமப் பாதயாத்திரை மூன்றுமுறை போய்வந்தவர். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலோடு வெளிக்கிட்டு, வற்றாப்பளையால் இறங்கி, திருகோணமலை, மட்டக்களப்பு தாண்டி, குமண, யால காட்டுக்குள்ளால் நடந்து போகிறவர்கள். பல நாள் வெளியில் நடந்து, வெளியில் சமைத்து, வெளியில் படுக்கும் கலை எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. அவரைப் பாடசாலைக்கு அழைத்தோம். வேட்டி, சால்வை, தோளில் ஒரு துணிப்பை. பிள்ளைகளுக்கு முன்னால் அந்தப் பையைக் கொட்டினார். ஒரு மாற்று வேட்டி, ஒரு துவாய், தண்ணீர்ப் போத்தல், ஒரு சின்னச் செம்பு, திருநீறு, ஒரு குப்பியில் தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான்.

"பைக்குள்ளை ஒண்டை வைக்கேக்கை, இதை எத்தினை கட்டை தூக்கோணும் எண்டு யோசி ராசா" என்றார். எண்ணெய் எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டாள். இரவில் காலைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளங்காலில் பூசவாம். கால் வெடித்தால் யாத்திரை முடிந்ததாம். பிள்ளைகள் அன்றைக்குக் கேட்ட கேள்விகளை என் விஞ்ஞான வகுப்பில் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுகிழமை பைகளைக் கட்டிக்கொண்டு வரச்சொன்னோம். ஒரு கடைக்காரரிடம் இரவல் வாங்கிய தராசில் நிறுத்துப் பார்த்தோம். பிள்ளையின் நிறையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட இருந்தால் நல்லது. 35 கிலோ பிள்ளைக்கு நாலு கிலோ. முதல் வந்த பை 11 கிலோ. உள்ளே இரண்டு போர்வை, ஒரு முழுத் தலையணை, ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் இரண்டு, ஒரு தகரப்பேணி நிறைய எள்ளுருண்டை. எள்ளுருண்டையை மட்டும் பொதுச் சாப்பாட்டுப் பெட்டிக்கு மாற்றினோம். மற்றதெல்லாம் வீட்டுக்குப் போனது.

ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்த பை ஒரு அமைதியான பிள்ளையுடையது. நிறை சரியாக இருந்தது. உடுப்பு, துவாய், நுளம்பு வலை எல்லாம் மிக ஒழுங்காக, ஒன்றுக்குள் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. இவ்வளவு திறமாகப் பை கட்ட யார் சொல்லித்தந்தது என்று கேட்டேன். அம்மா என்றாள். அடியில் கையில் தட்டுப்பட்டது ஒரு பொலித்தீன் உறை. மூன்று சுற்று. விளிம்பை மெழுகுதிரியால் சுட்டு ஒட்டியிருந்தது. தண்ணீர் போகாது. உள்ளே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, குடும்ப அட்டையின் பிரதி, தாயும் தகப்பனும் பிள்ளையும் நிற்கிற ஒரு படம்.

முப்பது கிலோமீற்றர் தூரத்துக்கு, மூன்று நாளுக்கு.

நான் அதை அப்படியே திருப்பி வைத்தேன். 2009இல் என் பரீட்சைச் சான்றிதழ்களை அதே மாதிரி உறைக்குள் சுட்டு ஒட்டி வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தவள் நான். பின்னேரம் தாயைப் பாடசாலை வாசலில் கண்டபோது, அது தேவைப்படாது, பத்திரமாக வீட்டிலேயே வைக்கலாமே என்று மெதுவாகச் சொன்னேன்.

"இருக்கட்டும் ரீச்சர். பாரமில்லைத்தானே" என்றார்.

சரி என்றேன். வேறென்ன சொல்ல? ஆனால் அன்றிரவு பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் ஒரு சின்ன அட்டை இருக்கும். பெயர், பாடசாலை, தாய் தகப்பனின் தொலைபேசி இலக்கம், ஒவ்வாமை, எடுக்கும் மருந்து. பையில் பத்திரத்தை வைத்த தாய்க்கும் வைக்காத தாய்க்கும் அது பொதுவான ஏற்பாடாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இன்னொன்று, ஒவ்வொரு நாளும் காலை ஏழுக்கும் இரவு எட்டுக்கும் பெற்றோரின் வட்சப் குழுவில் ஒரு செய்தி. அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தக்கூடாது. செய்தி பிந்தினால் இங்கே வீட்டில் இருப்பவர்கள் நினைப்பது வேறு ஊர்ப் பெற்றோர் நினைப்பதைப்போல இருக்காது.

ஆபத்துகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் பேசவேண்டும் என்பது என் கருத்து. பயந்துவிடுவார்கள் என்று சில ஆசிரியர்கள் தயங்கினார்கள். காடும் குளமும் இவர்களின் வீட்டுக் கொல்லை. இவர்களுக்குத் தெரியாததைச் சொல்லப்போவதில்லை. தெரிந்ததை ஒழுங்குபடுத்தத்தான் போகிறோம்.

யானை பற்றி அவர்களே எனக்குச் சொன்னார்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் குளம் வற்றி அலைகரை வெளிக்கும். பின்னேரம் யானை தண்ணீருக்கு இறங்கும். ஆகவே நாலு மணிக்குப் பிறகு குளக்கட்டில் ஒருவரும் இல்லை. அது பாலைப்பழக் காலமும்கூட. பாலைமரத்துக்குக் கீழே நின்று பழம் பொறுக்கினால், உதட்டில் பால் ஒட்டிக்கொண்டு பேசவும் முடியாமல் நிற்கும்போது கரடியும் அதே பழத்துக்கு வரும் என்று ஒருவன் எழும்பிச் சொன்னான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவன் சொன்னது உண்மை. வன்னிக் காட்டில் கரடி உண்டு, பாலைப்பழம் அதற்கு உயிர்.

பாம்புக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்கினோம். புடையனை எல்லாருக்கும் தெரியும். வயல் வரம்பில், மைம்மல் நேரத்தில், காலில் கடிக்கும். சப்பாத்தும் வெளிச்சமும் பாதிப் பாதுகாப்பு. எனக்குக் கூடுதல் பயம் எட்டடி விரியன். எண்ணெய் விரியன் என்றும் சொல்வார்கள். அது இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். நோவு பெரிதாக இருக்காது, கடித்த அடையாளமும் தெரியாமல் போகலாம். விடியப்புறம் வயிற்றுவலி, பிறகு கண் இமை தானாக விழும், பிறகு மூச்சு. அதனால் விதி இதுதான். எல்லாரும் நுளம்பு வலைக்குள். வலையின் ஓரம் பாயின் அடியில் சுற்றிவரச் செருகியிருக்கவேண்டும். இரவில் ஏதோ கடித்தமாதிரி இருந்தால், எறும்பு என்று நினைத்தாலும், ஆசிரியரை எழுப்பவேண்டும். எழுப்பியதற்காக ஒருவரும் ஏசமாட்டார்கள்.

அதையும் நடித்துப் பழகினோம். ஒருவன் கடிபட்டவன். இரண்டு பேர் அவனை ஆடாமல் படுக்கவைத்து, அடிமட்டத்தையும் கொப்பிகளையும் வைத்துச் சாறத்தால் காலைக் கட்டினார்கள். இறுக்கிக் கட்டக்கூடாது, வெட்டக்கூடாது, உறிஞ்சக்கூடாது. ஒருத்தி 1990க்கு அழைப்பதுபோலப் பேசினாள். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது 2018 யூலையில்தான். தொலைபேசியில் முதல் சொல்லவேண்டியது எந்த இடம் என்பது. அவள் "ரீச்சர், ஒரு பிள்ளைக்குப் பாம்பு கடிச்சிட்டுது" என்று அழத் தொடங்கினாள். மூன்றாவது தடவையில்தான் "முத்தையன்கட்டு, இன்ன பாடசாலை, பிரதான வீதியிலிருந்து இவ்வளவு உள்ளே" என்று வரிசையாக வந்தது. தன் அப்பப்பா விஷகடி வைத்தியர், முதல் அவரிடம் காட்டலாமா என்று ஒருவன் கேட்டான். அவர் கையால் பிழைத்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, நேரே அங்கேதான் போவோம் என்றேன். முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கு எத்தனை நிமிடம் என்று அதற்கு முந்திய கிழமையே சேரும் நானும் மோட்டார் சைக்கிளில் ஓடிப் பார்த்திருந்தோம்.

மிதிவெடி பற்றிச் சொல்ல இந்தப் பிள்ளைகளிடம் அதிகம் இல்லை. மண்டையோட்டுப் பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள். இருந்தாலும் நடைபாதையை விட்டு ஒரு அடி விலகக்கூடாது, இரும்புத்துண்டு எதையும் காலாலும் தட்டக்கூடாது, சந்தேகமான ஒன்றைக் கண்டால் நின்று, வந்த காலடியிலேயே திரும்பவேண்டும் என்பதை வரிசையாக நடந்து பழகினோம். பாதையைத் தெரிவுசெய்யும்போது கிராம சேவகரிடமும் அந்தப் பக்கத்து விவசாயிகளிடமும் விசாரித்து, சனம் தினமும் நடக்கிற பாதையைத்தான் எடுத்தோம்.

பெண்பிள்ளைகளோடு தனியாக ஒரு மணித்தியாலம் பேசினேன். மூன்று தாய்மார் ஏற்கெனவே "அந்த நாள் வந்திடும், பிள்ளை வரமாட்டா" என்று சொல்லியிருந்தார்கள். தேவையான பொருட்கள் என் பையில் எல்லாருக்கும் போதுமான அளவு இருக்கும், கேட்காமலே எடுக்கலாம், குப்பைக்குத் தனி வாளி இருக்கும், மலசலகூடத்தில் தண்ணீரும் கொக்கியும் இருப்பதை நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மிச்சம் இருந்த சிக்கல் கோயில். இரண்டாம் நாள் ஒட்டுசுட்டானிலும் மூன்றாம் நாள் வற்றாப்பளையிலும் யார் உள்ளே வரவில்லை என்று பொடியன்கள் எண்ணுவார்கள். அதற்கு ஒரு பிள்ளையே வழி சொன்னாள். ஒவ்வொரு கோயிலிலும் செருப்பும் பையும் காக்க ஆறு பேர் கொண்ட குழு. பெண்களும் ஆண்களும் கலந்து. விரும்பியவர் பெயர் கொடுக்கலாம், காரணம் கேட்கப்படாது. மூன்று தாய்மாரும் கையெழுத்து வைத்தார்கள்.

காசு விடயம் சுருக்கமாக. பஸ் செலவைப் பழைய மாணவர்கள் ஏற்றார்கள். அரிசியும் தேங்காயும் முடிந்தவர்கள் ஒரு பெட்டியில் போட்டார்கள், பெயர் எழுதவில்லை. அனுமதிக் கடிதங்கள், அதிபர், வலயக் கல்விப் பணிமனை, பொலிஸ், சுகாதாரப் பணிமனை என்று சுற்றியதை எழுதினால் இன்னொரு கட்டுரை வரும். ஒன்று மட்டும். ஒரு மாதத்துக்கு முதலே தொடங்குங்கள்.

பெற்றோரிடம் நான் கேட்டுத்தான் முடிவெடுத்த ஒரு விடயம் நந்திக்கடல், 2009இல் போர் முடிந்த கரை. வட்டுவாகல் பாலத்தில் பஸ்ஸை நிறுத்துவதா? நிறுத்தவேண்டும், பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்றார் ஒரு தகப்பன். வேண்டாம் ரீச்சர் என்றார் இன்னொரு தாய், அவரின் தம்பி அங்கே. நீண்டநேரம் பேசி, நிறுத்துவதென்றும், பத்து நிமிடம் ஒருவரும் ஒன்றும் விளக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதென்றும் முடிவானது. பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்டால், சொல்ல விரும்பும் தாய் தகப்பன் சொல்லட்டும். அங்கே பேசுவது என் வேலை இல்லை என்று எனக்கும் பட்டது.

பயணத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாத்திரம். பஸ் பாடசாலை வாசலுக்கு வந்தபோது மணி 4.40. பெற்றோர் எல்லாரும் அதற்கு முன்பே வந்து மதிலோரம் நின்றார்கள். அந்த அமைதியான பிள்ளையின் தாய், மகளின் தலையைத் தடவிவிட்டு, முதல் வேலையாகப் பையின் அடியில் கையை விட்டுப் பொலித்தீன் உறையை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த கடல் மணலைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

"அம்மா, பேராறு எங்கை போய்ச் சேருதெண்டு தெரியுமோ?" என்று பிள்ளை கேட்டாள். மூன்று நாளும் கொப்பியில் கீறி வந்த வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும் பிள்ளை" என்றார் தாய். பையை வாங்கிச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார்.